ஒரு யூனிட் கரன்ட்டுக்கு 9 லட்சம் அடி! - இளையாத்தங்குடியில் ஒரு காலடிக் கணக்கு

வாட்ஸ்அப் குரூப்பில் உங்களுக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். வெளிநாட்டுத் தீம் பார்க் போல ஓர் இடம். குழந்தைகள் ஒரு தரையில் குதிக்கிறார்கள். குதிக்கக் குதிக்கச் சுற்றிலும் விளக்கு எரிகிறது. ‘இனி நடந்தாலே கரன்ட்! நம்ம ஊர்ல எப்போ?’ என்று கீழே ஒரு வரி. குடும்ப குரூப்பில் யாராவது ஒருவர், ‘பழனி பாதயாத்திரை ரோட்டுல இதைப் போட்டா தமிழ்நாட்டுக்கே கரன்ட் கொடுக்கலாம்’ என்று பதில் போட்டிருப்பார்.

நல்ல கேள்விதான். நடப்பதற்குப் பெயர்போன சீமையிலேயே இதற்கு விடை தேடலாம் என்றுதான் செட்டிநாட்டுப் பக்கம் கிளம்பினேன். சேர வேண்டிய ஊர், இளையாத்தங்குடி.

இளைப்பாற ஓர் ஊர்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையில் கீழச்செவல்பட்டி வரும். அங்கிருந்து உள்ளே போனால் இளையாத்தங்குடி. சிவகங்கை மாவட்டம்தான். ஆனால், புதுக்கோட்டை எல்லை கூப்பிடு தூரம். செம்மண், கருவேலம், இடையிடையே ஊருணி, திடீரென்று வானத்தில் எழும் கோபுரம். செட்டிநாட்டில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் கிடைக்கும் காட்சிதான். ஆனாலும் இந்த ஊருக்குத் தனி மரியாதை உண்டு.

நகரத்தார்களுக்கு ஒன்பது கோயில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. இந்த வரிசையை யாரைச் சொல்லச் சொன்னாலும் பெரும்பாலும் இளையாத்தங்குடியில்தான் தொடங்குவார்கள். சுவாமி கைலாசநாதர், அம்பாள் நித்தியகல்யாணி. இந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களுக்குள் மட்டும் ஏழு உட்பிரிவுகள்.

நகரத்தார் வீட்டில் கல்யாணம் என்றால் அவரவர் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். மாலை வந்து கல்யாணம் முடிந்தால் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு ‘புள்ளி’. பேரன் பேத்தி சிங்கப்பூரில் இருந்தாலும் அமெரிக்காவில் இருந்தாலும் புள்ளிக் கணக்கு இங்கேதான். அதனால், சாதாரண நாளில் அமைதியாகக் கிடக்கிற ஊருக்கு விசேஷ நாளில் கார் கார்களாக ஆட்கள் வந்து இறங்குவார்கள்.

காஞ்சி காமகோடி பீடத்தின் 65-வது பீடாதிபதியின் அதிஷ்டானம் இருப்பதும் இங்கேதான். 1962-ல் காஞ்சிப் பெரியவர் முன்னிலையில் ஆகம, சிற்ப சதஸ் கூடியதும் இதே ஊரில்தான்.

ஊர்ப் பெயருக்கு, களைத்து வந்தவர்களின் ‘இளைப்பை ஆற்றிய குடி’ என்று விளக்கம் சொல்வதுண்டு. சொல்லாராய்ச்சிக்காரர்கள் எப்படிச் சொல்வார்களோ, இந்தக் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. நடந்த கால் இளைப்பாறுகிற இடத்தில் உட்கார்ந்து, அந்தக் கால் எவ்வளவு கரன்ட் தரும் என்று கணக்குப் போடப்போகிறோம்.

காஸ் லைட்டரும் சைக்கிள் டைனமோவும்

முதலில், இது மந்திரமோ மோசடியோ இல்லை. இதே வேலையைச் செய்யும் ஒரு சாமான் உங்கள் அடுப்பு மேடையிலேயே இருக்கிறது. காஸ் அடுப்பு லைட்டர். பேட்டரி கிடையாது, கல் கிடையாது. அழுத்தினால் ‘டிக்’ என்று பொறி வரும். உள்ளே இருக்கும் ஒருவகைப் பீங்கான் துண்டின் மேல் அடி விழும்போது அதில் மின்னழுத்தம் பிறக்கிறது. சில படிகங்களுக்கு இந்தக் குணம் உண்டு என்று 1880-ல் கண்டுபிடித்தவர்கள் பிரான்ஸின் கியூரி சகோதரர்கள். இதன் பெயர் பீசோ எலெக்ட்ரிசிட்டி. இந்தத் துண்டுகளை வரிசையாகத் தரைக்கு அடியில் வைத்தால், மிதிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம்.

இரண்டாவது வழி, பழைய சைக்கிள் டைனமோ. மிதித்தால் தரைக்கல் சில மில்லிமீட்டர் கீழே இறங்கும். அந்த அசைவு, அடியில் இருக்கும் சின்ன டைனமோவைச் சுழற்றும். லண்டனில் 2009-ல் தொடங்கப்பட்ட பேவ்ஜென் என்ற நிறுவனம் இந்த வகைக் கற்களால்தான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

நம் ஊர் இன்ஜினீயரிங் கல்லூரிகளிலும் பள்ளி அறிவியல் கண்காட்சிகளிலும் ‘ஃபுட்ஸ்டெப் பவர்’ புராஜெக்ட் இல்லாத வருஷமே இருக்காது. அட்டையை மிதித்தால் நாலு எல்.இ.டி மின்னும், எல்லோரும் கைதட்டுவார்கள். அது எத்தனை யூனிட் என்று கேட்கத்தான் பல சமயம் யாரும் இருப்பதில்லை.

கேட்டுத்தான் பார்ப்போமே

60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதிக்கும்போது கல் 7 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையையும் இறங்கிய தூரத்தையும் பெருக்கினால், ஓர் அடிக்குக் கிடைக்கும் ஆற்றல் சுமார் 4 ஜூல். வழியில் ஆகும் இழப்பையெல்லாம் மன்னித்து, முழு 4 ஜூலும் கைக்கு வருவதாகவே வைத்துக்கொள்ளலாம். தாராளக் கணக்குதான்.

நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதை நாலால் வகுத்தால் 9 லட்சம். ஒரு யூனிட் கரன்ட்டுக்கு 9 லட்சம் அடி எடுத்து வைக்க வேண்டும்.

தினமும் 10,000 அடி நடப்பது நல்லது என்று செல்போன் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறதே, அப்படி ஒருநாள்கூடத் தவறாமல் நடந்தால் ஒரு யூனிட் சேர 90 நாள் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த 100 யூனிட்டைக் காலால் மிதித்தே எடுப்பதென்றால் சுமார் 24 வருஷம் 8 மாதம் நடக்க வேண்டும். அதுவும் வைக்கிற ஒவ்வோர் அடியும் அந்தக் கல்லின் மேலேயே விழ வேண்டும்.

இப்போது பழனிக்கு வருவோம். நகரத்தார் காவடி சுமார் நானூறு ஆண்டுப் பாரம்பர்யம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடப்பார்கள். 150 கிலோமீட்டருக்கு மேல். கிலோமீட்டருக்குச் சுமார் 1,400 அடி என்றால் ஒருவருக்கு 2 லட்சத்து 10 ஆயிரம் அடி. வழி முழுக்க மின்கல் பதித்திருந்தாலும், நான்கு பேர் பழனி வரை போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு யூனிட் முழுசாகத் தேறாது!

இளையாத்தங்குடிக் கோயிலுக்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு விசேஷ நாளில் 500 பேர் வந்து, ஆளுக்கு 300 அடி பிராகாரத்தைச் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒன்றரை லட்சம் அடி. கிடைப்பது ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு. 9 வாட் எல்.இ.டி பல்பு ஒன்றே ஒன்று, பதினெட்டு மணி நேரம் எரியும். விசேஷம் முடிந்த மறுநாள் அதுவும் இல்லை.

சரி, அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? நாம் சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து. அமிழ்கிற தரையில் நடப்பது ஈர மணலில் நடப்பதுபோல. உடம்பு ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். ஒரு யூனிட் என்பது உணவுக் கணக்கில் 860 கலோரி. உடம்பு, சாப்பிட்டதில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் உழைப்பாக மாற்றும். ஓர் இட்லிக்கு 50 கலோரி என்று போட்டால், ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய 70 இட்லி! காரைக்குடியில் 70 இட்லி சாப்பிட்டு பில் கட்டுகிற காசுக்கு எத்தனை யூனிட் கரன்ட் வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பாரிஸ் முதல் ரியோ வரை

வெளிநாட்டில் செய்து பார்த்தவர்கள் கண்டதும் இதைத்தான்.

டோக்கியோ ரயில் நிலையத்தின் டிக்கெட் கேட் பக்கத்தில் 2006-லும் 2008-லும் பீசோ தரையை வைத்து ஜே.ஆர். ஈஸ்ட் ரயில்வே சோதித்தது. உலகிலேயே நெரிசல் மிகுந்த ரயில் நிலையங்களில் ஒன்று. அங்கேகூட அது சோதனையாகவே இருந்தது, நிலையத்தை ஓட்டும் மின்சாரமாகவில்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2008-ல் ஆடினால் ஒளிரும் நடனத் தரையோடு ஒரு கிளப் திறந்தார்கள்.

2013 பாரிஸ் மாரத்தானில், ஷான்செலிசே சாலையில் 176 பேவ்ஜென் கற்களைப் பதித்தார்கள். ஆயிரமாயிரம் பேர் அதன் மேல் ஓடினார்கள். பத்திரிகைகளில் பெரிய செய்தி. மொத்தம் கிடைத்தது 5 யூனிட்டுக்கும் குறைவு.

2014-ல் பிரேசிலின் ரியோ நகரில், மொரோ த மினெய்ரா என்ற குடிசைப்பகுதியின் கால்பந்து மைதானத்துக்கு அடியில் 200 கற்களைப் பதித்தார்கள். திறந்துவைத்தவர் பீலே. பையன்கள் ஓட ஓட மைதானத்தின் விளக்கு எரிகிறது என்பதுதான் எல்லோர் நினைவிலும் நின்றது. அதே மைதானத்தில் சோலார் பேனல்களும் இருந்தன என்பதைப் பலர் கவனிக்கவே இல்லை.

தீம் பார்க்கில் என்ன நடக்கும்?

கூட்டம் தீம் பார்க்கில்தானே அதிகம்? சென்னையிலோ மதுரைப் பக்கமோ மேட்டுப்பாளையத்திலோ ஸ்கூல் டூர் போன அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டம்தான். ஒரு பார்க்குக்கு ஒருநாளில் 10,000 பேர் வந்து, ஆளுக்கு 10,000 அடி நடப்பதாக வைத்துக்கொள்வோம். பார்க் முழுக்க, ஓர் அங்குலம் விடாமல் மின்கல் பதித்தாகிவிட்டது. பத்து கோடி அடி. கிடைப்பது, சுமார் 111 யூனிட்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அப்படியென்றால் அந்த 111 யூனிட்டை 28 கிலோவாட் சோலாரே தந்துவிடும். பார்க்கிங்கில் கார்களுக்கு நிழல் தரும் கூரையில் ஒரு மூலை போதும். கூட்டம் வராத மழை நாளிலும் கொஞ்சம் தரும். லீவு நாளிலும் தரும்.

உலகத்துக்கே தீம் பார்க் கற்றுக்கொடுத்த டிஸ்னியும் இந்த வழியில்தான் போனது. ஃப்ளோரிடாவில் 2016-ல், மேலிருந்து பார்த்தால் மிக்கி மவுஸ் தலைபோலத் தெரியும் 5 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. 2019-ல் 270 ஏக்கரில் 50 மெகாவாட். கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லாத இடம், ஆனாலும் பெரிய அளவில் மின்சாரம் வேண்டும் என்றபோது வானத்தைத்தான் பார்த்தார்கள்.

கல்லின் பக்கமிருந்தும் பாருங்கள். ஒரு கல்லின் மேல் தினமும் 1,000 அடி விழுகிறது என்றால், வருஷத்துக்கு 0.4 யூனிட். இருபது வருஷத்துக்கு 8 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 65 ரூபாய் சொச்சம். அந்தக் கல், அடியிலிருக்கும் டைனமோ, வயர், பேட்டரி, ரிப்பேர் எல்லாவற்றையும் சேர்த்து இருபது வருஷ வருமானம் 65 ரூபாய்!

பாதத்தைச் சுடும் கல்

மத்தியான நேரத்தில் செட்டிநாட்டுக் கோயில் எதற்காவது போயிருந்தால் தெரியும். வெளிப்பிராகாரக் கருங்கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. பாட்டிமார்கள்கூட நிழல் தேடிக் குதித்துக் குதித்துப் போவார்கள்.

நாம் தேடும் ஆற்றல் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் கல்லின் மேல் நொடிக்கு ஏறக்குறைய 1,000 ஜூல் வெயில் விழுகிறது. சோலார் பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். நொடிக்கு 200 ஜூல். அதே ஒரு சதுர மீட்டரில் காலால் அவ்வளவு எடுக்க வேண்டுமென்றால் நொடிக்கு 50 முறை மிதிக்க வேண்டும். கல் நம் காலுக்குக் கொடுப்பதுதான் அதிகம், நம் கால் கல்லுக்குக் கொடுப்பது கொஞ்சம்.

வெயிலுக்கு இந்தச் சீமையில் குறைவே இல்லை. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. வீட்டு மாடிக்கும் வழி இருக்கிறது. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில், 3 கிலோவாட் மாடி சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட் நாளுக்கு 12 யூனிட் தரும் என்றால், அது ஒரு கோடியே எட்டு லட்சம் அடிகளுக்குச் சமம்.

மிதித்தால் மின்னும் கல், இங்கேயே இருக்கிறது

இளையாத்தங்குடியிலிருந்து காரைக்குடிக்குத் திரும்பும்போது கொஞ்சம் சுற்றினால் ஆத்தங்குடி. தரைக்கல்லைப் பற்றிப் பேசிவிட்டு இந்த ஊரைப் பார்க்காமல் போவது நியாயமில்லை.

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் வண்ண சிமென்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை நடுக்கமில்லாமல் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அதன் மேல் உலர்ந்த சிமென்ட் மணல் கலவை, பிறகு ஈரக் கலவை, தேய்த்து மட்டம். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுக் காயவைத்தால், கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளும். கண்ணாடி பட்ட பக்கம் கண்ணாடியாகவே மின்னும்.

கவனியுங்கள், சூளை இல்லை. கடையில் வாங்கும் விட்ரிஃபைடு டைல்ஸை 1,200 டிகிரிக்கு மேல் சூட்டில் சுட்டெடுக்க வேண்டும். ஆத்தங்குடியில் கல்லைச் சுடுவதே இல்லை. சிமென்ட் தயாரிக்கச் சூளை வேண்டும்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால், கல்லை உருவாக்குவது கையும் தண்ணீரும் பொறுமையும்தான். நடக்க நடக்க மெருகு ஏறும் கல் இது என்று ஆத்தங்குடிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பழைய வீடுகளில் ஆட்கள் புழங்கும் வளவுத் தரையைப் பார்த்தாலே அது புரியும். காலடியால் ஒரு தரை ஒளிர வேண்டுமென்றால், இந்த ஊர் அதற்கு வயர் இல்லாமலே ஒரு வழி வைத்திருக்கிறது.

கல் மட்டுமில்லை, வீடே அப்படித்தான். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று போகும் செட்டிநாட்டு வீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றம். வெளிச்சம் அதன் வழியே வரும், சூடு அதன் வழியே போகும், மழைத் தண்ணீரும் அங்கே இறங்கும். சுண்ணாம்பு அரைத்துப் பூசிய தடிமனான சுவர் வெயிலை உள்ளே விடாது. பகலில் விளக்கும் வேண்டாம், பல நாள் ஃபேனும் வேண்டாம். செலவழிக்காத ஒரு யூனிட், நாம் தயாரித்த ஒரு யூனிட்டுக்குச் சமம். ஃபேனையும் லைட்டையும் ஒருநாள் நிறுத்திவைத்து அந்த வீடு மிச்சப்படுத்துகிற கரன்ட்டை எடுக்க, நாம் வாரக்கணக்கில் மின்கல் மேல் நடக்க வேண்டியிருக்கும்.

இந்த வீடுகள்தான் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கின்றன. பல வீடுகளின் தூணும் கதவும் பிரித்து விற்கப்பட்டு, காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நிற்கின்றன. புதிதாகக் கட்டும் வீடுகளில் முற்றத்தை மூடி, ஏ.சி மாட்டுகிறோம். அப்புறம், கரன்ட்டுக்கு என்ன புது வழி என்று வீடியோ பார்க்கிறோம்.

அப்படியானால் வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். கொஞ்சமே கொஞ்சம் மின்சாரம் போதும் என்கிற இடத்தில் இந்த நுட்பம் கெட்டிக்காரத்தனமானது. காஸ் லைட்டர் அதற்கு நல்ல உதாரணம். அழுத்தும் விசையிலிருந்தே சிக்னல் அனுப்பும் பேட்டரி இல்லாத சுவிட்சுகள் வந்துவிட்டன. ஒரு வாசலில் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று எண்ணும் தரை, கால் வைத்தால் படியோரம் மினுக்கும் சின்ன விளக்கு இவற்றுக்கெல்லாம் நாலு ஜூல் தாராளம்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் இதைவிட நல்ல கருவி இல்லை. தீம் பார்க்கில் ஒரே ஒரு மின்கல்லை வைத்து, பக்கத்தில் மீட்டர் மாட்டி, ‘உன் செல்போன் சார்ஜ் ஆக இன்னும் 17,000 தடவை குதிக்க வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். மூச்சு வாங்கிய பிள்ளை, வீட்டுக்குப் போனதும் ஆள் இல்லாத ரூமில் ஃபேனை அணைக்கும். பள்ளிக் கண்காட்சிகளிலும் எல்.இ.டி-க்குப் பக்கத்தில் இந்த 9 லட்சக் கணக்கையும் ஓர் அட்டையில் எழுதி வைக்கலாம். கோயில் நிர்வாகமோ பேரூராட்சியோ ‘ஸ்மார்ட் தரை’க்குச் செலவு செய்ய நினைத்தால், முதலில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, ‘வருஷத்துக்கு எத்தனை யூனிட்?’ என்பதுதான்.

எடுத்த மின்சாரத்தைச் சேமிப்பது எப்படி என்பது அடுத்த பெரிய கேள்வி. வெயில் பகலில்தானே அடிக்கும், விளக்கு ராத்திரியில்தானே வேண்டும்? அதற்கான ஆராய்ச்சிக்கும் இந்தச் சீமை இடம் கொடுத்திருக்கிறது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தவர் கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இன்றைக்கும் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்து வீட்டைக் கட்டிய சமூகத்திலிருந்து ஒருவர், வெளியூர்க்காரர்கள் வந்து படிக்க ஓர் ஆய்வகத்துக்கு இடம் கொடுத்தார்.

இளையாத்தங்குடிக்குப் போக நினைப்பவர்கள் காலையிலோ சாயங்காலமோ போங்கள், கல் சுடாது. அப்படியே வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை என்று ஒரே நாளில் சுற்றிவிடலாம். ஆத்தங்குடியில் நாலு கல்லாவது வாங்கி வந்து பூஜை ரூமில் பதியுங்கள். அதன் மேல் எத்தனை லட்சம் அடி நடந்தாலும் ஒரு பல்புகூட எரியாது. ஆனால், பேத்தி நடக்கும் காலத்தில் இன்றைக்கு இருப்பதைவிட மெருகு ஏறியிருக்கும்.